ஒருவரை மிரட்டினால் உலகமே திறந்துவிடுமா?

தெஹ்ரான் சிறை முதல் சுபாங் ஜெயா வரை, கட்டற்ற மென்பொருள் எழுதுவோரை நோக்கி அரசுகளின் கை நீள்கிறது. அந்தக் கைக்கு எட்டாதபடி நம்பிக்கையைக் கட்டுவது எப்படி?

சுபாங் ஜெயாவின் எஸ்.எஸ்.15 எல்.ஆர்.டி. நிலையத்தில் ரயிலுக்காக நிற்கும் கல்லூரி மாணவி ஒருவர், வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "கொஞ்சம் லேட்டாகும்மா." அவர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு கைப்பேசி. அந்த முதல் எழுத்தை மட்டும் கவனிப்போம். கைப்பேசிக்குள் பதிவாவது இரண்டு குறியீடுகள்தாம்: முதலில் ககரம், அதன் பின்னால் ஒகரக் குறி. திரையில் தெரிவதோ மூன்று துண்டுகள்: இடப்பக்கம் ஒற்றைக் கொம்பு, நடுவில் ககரம், வலப்பக்கம் கால். பின்னால் வந்த குறியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் தூக்கி முன்னால் வைத்தால்தான் அது தமிழ் எழுத்தாகும். கண்ணிமைக்கும் நேரத்தில் இதைச் செய்துமுடிப்பது ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள். ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் ஆகியவற்றில் தமிழைத் தமிழாகக் காட்டுவது அதுதான். அது கட்டற்ற மென்பொருள். அதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், காசில்லாமல் பயன்படுத்தலாம்.

ஹார்ஃப்பஸை உருவாக்கிப் பல ஆண்டுகளாகப் பேணியவர்களில் முதன்மையானவர் பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத். ஈரானில் பிறந்து, கனடாவில் படித்து, ரெட் ஹாட், கூகுள், ஃபேஸ்புக் நிறுவனங்களில் பணியாற்றியவர். 2020 ஜனவரியில் குடும்பத்தைப் பார்க்கத் தெஹ்ரான் போயிருந்தபோது, புரட்சிகரக் காவல் படையின் உளவுப் பிரிவு அவரைப் பிடித்துக்கொண்டது. எவின் சிறையில் ஏழு நாள் தனிமையில் வைத்தார்கள். அவருடைய கருவிகளும் இணையக் கணக்குகளும் விசாரித்தவர்கள் கைக்குப் போயின. சொந்தத் தரவுகளைப் படியெடுத்துக்கொண்டார்கள். வெளிநாட்டில் வாழும் நண்பர்களைப் பற்றி உளவு சொல்லச் சம்மதித்தால்தான் விடுதலை என்றார்கள். சம்மதம் சொல்லி வெளியே வந்தார், நாட்டைவிட்டுப் புறப்பட்டார். பிறகு அவர்கள் தொடர்புகொண்டபோது இணங்கவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் நடந்ததையெல்லாம் தானே உலகறியச் சொன்னார்.

அவர்களுடைய குறி ஆட்களைப் பற்றிய தகவல். ஆனால் அதே அறையில், அதே மிரட்டலோடு, கோரிக்கை மட்டும் வேறாக இருந்திருந்தால்? "உன் மென்பொருளில் நாங்கள் சொல்லும் நான்கு வரியைச் சேர்த்துவிடு" என்றிருந்தால்? கோடிக்கணக்கான கைப்பேசிகளுக்குள் போகும் ஒரு நிரலின் பாதுகாப்பு, தனிச் சிறையில் இருக்கும் ஒருவரின் மனவுறுதியில் தொங்கிக்கொண்டிருக்கலாமா?

மலேசியத் தமிழர்களுக்கு இது அடுத்த வீட்டுச் செய்தியன்று. கிள்ளான் பள்ளத்தாக்கின் வங்கிகளும் மருத்துவமனைகளும் அரசு அலுவலகங்களும் கட்டற்ற மென்பொருளின்மேல்தான் ஓடுகின்றன. மலேசிய அரசே 2004-இல் பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை அறிவித்து, அதற்கென ஒரு மையத்தையும் நடத்தியது. சுபாங் ஜெயாவின் கல்லூரிகளில் கணினி படித்து வெளியேறும் நம் பிள்ளைகள் பலர், முகம் பார்த்திராத வெளிநாட்டவரோடு சேர்ந்து நிரல் எழுதுகிறார்கள். தங்களை யார் நம்புவது, தாங்கள் யாரை நம்புவது என்ற கேள்வி இவர்கள் மேசைக்கு வந்துவிட்டது.

சாவியைத் திரும்பப் பெறுவது தண்டனையன்று

இந்தக் கேள்விக்கு நடைமுறையில் விடை தேடவேண்டிய நெருக்கடி 2017-இல் டெபியன் குழுமத்துக்கு வந்தது. டெபியன் என்பது உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இயங்குதளம். உபுண்டு உட்பட ஏராளமான இயங்குதளங்களுக்கு அதுதான் அடித்தளம். அதன் உருவாக்குநர் ஒவ்வொருவரிடமும் ஒரு மின்சாவி இருக்கும். அந்தச் சாவியால் கையெழுத்திட்ட மென்பொருள் பொதி மட்டுமே உள்ளே போகும். சாவி கையில் இருந்தால் உலகின் பல்லாயிரம் கணினிகளுக்குள் போகும் வழியும் கையில் இருக்கிறது.

அப்படி ஒரு சாவி வைத்திருந்தவர் திமித்ரி பகாத்தொவ், மாஸ்கோவில் கணித ஆசிரியர். அடையாளம் மறைத்து இணையத்தில் உலவ உதவும் டோர் வலையமைப்பின் வெளிவாசல் ஒன்றைத் தன் வீட்டில் நடத்தினார். யாரோ ஒருவர் அந்த வாசல் வழியே கலவரத்துக்கு அழைப்பு விடுக்கும் வாசகங்களை எழுத, 2017 ஏப்ரலில் போலீஸ் பகாத்தொவைக் கைது செய்தது. ஜூலையில் சிறையிலிருந்து வீட்டுக் காவலுக்கு மாற்றப்பட்டார். 2018 மே மாதம்தான் அவர் மீதான குற்றச்சாட்டு கைவிடப்பட்டது.

கைது செய்தி வந்ததும் டெபியன் இரண்டு காரியங்கள் செய்தது. அவருக்கு ஆதரவாகப் பகிரங்கமாக அறிக்கை விட்டது. கூடவே, அவருடைய சாவிகள் பிறர் கையில் சிக்கியிருக்கலாம் என்பதால் அவற்றைத் தன் சாவித் தொகுப்பிலிருந்து நீக்கியது.

இந்த இரண்டும் ஒரே மூச்சில் நடந்ததுதான் இங்கே பாடம். சாவியை நீக்கியது அவர்மீது சந்தேகப்பட்டதால் அல்ல. காவலில் இருக்கும் மனிதரிடம் பறிக்கத்தக்கது எதுவும் மிச்சமில்லாமல் செய்வது அவரைக் காப்பாற்றும் வழி. செல்லாத சாவிக்காக யாரும் யாரையும் அடித்து விசாரிக்க மாட்டார்கள்.

அப்படிப்பட்ட பாதுகாப்பு எல்லோருக்கும் கிடைக்கவில்லை. சீன இணையத் தடுப்பைத் தாண்ட உதவிய ஷேடோசாக்ஸ் மென்பொருளை எழுதியவரிடம் 2015 ஆகஸ்டில் போலீஸ் வந்தது. வேலையை நிறுத்தச் சொன்னார்கள், பிறகு நிரலையே அழிக்கச் சொன்னார்கள். அழித்தார். சிரியாவில் கட்டற்ற மென்பொருளுக்கும் விக்கிப்பீடியாவுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் இயக்கத்துக்கும் உழைத்த பாசில் கர்தாபில் 2012 மார்ச்சில் டமாஸ்கஸில் கைதானார். 2015 அக்டோபரில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர் உயிரோடு இல்லை என்ற செய்தி வெளியே வர 2017 ஆகஸ்ட் வரை ஆயிற்று.

கைவிலங்கு இல்லாமலும் நெருக்கலாம்

மிரட்டல் என்றால் சர்வாதிகார நாடுகளின் வேலை என்று நினைத்துக்கொள்வது வசதியானது. உண்மை அப்படியில்லை. அமெரிக்காவில் லாவாபிட் என்ற மின்னஞ்சல் சேவையை நடத்திய லாடார் லெவிசனிடம், அத்தனை பயனர்களின் பாதுகாப்பும் அடங்கிய மறைகுறிச் சாவியைக் கேட்டு 2013-இல் நீதிமன்ற ஆணை வந்தது. எல்லோரையும் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், அந்த ஆகஸ்டில் சேவையையே மூடினார். நடந்தது என்ன என்று தன் பயனர்களிடம் விளக்கவும் அப்போது அவருக்கு அனுமதியில்லை. ஆஸ்திரேலியா 2018 டிசம்பரில் இயற்றிய சட்டம், தொழில்நுட்ப உதவி செய்யும்படி நிறுவனங்களுக்கு ஆணையிட அரசுக்கு அதிகாரம் தருகிறது. அனைவரையும் பாதிக்கும் ஓட்டையைப் போடச் சொல்லக்கூடாது என்று அதே சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. ஆனால் அப்படி ஓர் ஆணை வந்ததை அனுமதியின்றி வெளியே சொன்னால் ஐந்தாண்டு வரை சிறை.

பொருளாதாரத் தடை இன்னொரு வகை நெருக்கடி. 2019 ஜூலையில், நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்ஹப் நிறுவனம், அமெரிக்கச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய இடங்களின் நிரலர்களுடைய கணக்குகளைக் கட்டுப்படுத்தியது. 2024 அக்டோபரில், லினக்ஸ் இயங்குதளத்தின் கருவகப் பேணுநர் பட்டியலிலிருந்து ரஷ்யர்கள் பதினொருவரின் பெயர்கள் நீக்கப்பட்டன. முதலில் சொல்லப்பட்ட காரணம், சட்டத்துக்கு இணங்கவேண்டிய தேவைகள் என்பது மட்டுமே. தடைப்பட்டியலில் உள்ள நிறுவனங்களில் வேலை செய்வோருக்குத்தான் இது பொருந்தும் என்ற விளக்கம் பிறகே வந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இந்த முடிவை வெளிப்படையாக ஆதரித்தார். சட்டத்தை மதிப்பதில் தவறில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் கூடவே உழைத்தவர்களுக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் பெயரை எடுத்த விதம், எல்லா நாட்டுத் தன்னார்வலர்களுக்கும் ஒரு பயத்தை விதைத்தது: நாளை என் நாடு எந்தப் பட்டியலில் இருக்கும்?

இந்தியாவும் விலக்கல்ல. வி.எல்.சி. என்ற கட்டற்ற காணொளி இயக்கியின் இணையதளம் 2022-இல் இந்தியாவில் மாதக்கணக்கில் முடக்கப்பட்டது. உருவாக்குநர்கள் சட்ட அறிவிக்கை அனுப்பிய பிறகு, நவம்பரில்தான் திறந்துவிட்டார்கள். 2023 மே மாதம் தடைசெய்யப்பட்ட 14 செய்தி பரிமாறும் செயலிகளில் எலிமென்ட், பிரையர் என்ற கட்டற்ற செயலிகளும் அடக்கம்.

மலேசியாவில் நாம் நிற்பது எங்கே? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 116பி பிரிவு, சோதனை நடத்தும் இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறையாத போலீஸ் அதிகாரிக்குக் கணினித் தரவுகளைத் திறந்துகாட்ட வேண்டும் என்கிறது. கடவுச்சொல்லும் மறைகுறியை அவிழ்க்கும் சாவியும் அதில் அடக்கம். சுபாங் ஜெயாவில் ஒரு வீட்டில் வேறு ஏதோ வழக்குக்காக நடக்கும் சோதனையில், உலகம் முழுக்கப் பயன்படும் மென்பொருளின் சாவியும் மேசைக்கு வர இந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது.

இணையத்தில் ஒருவர் பெயரில் உள்ளதற்கெல்லாம் அவரையே பிடிப்பது என்ற பழக்கத்தையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. சுபாங் ஜெயாவின் யூ.எஸ்.ஜே. குடியிருப்பாளர்களுக்கான இணையச் சமூகத்தை 1999-இல் தொடங்கியவர்களில் முன்நின்றவர் ஜெஃப் ஊய். 2004-இல் அவருடைய வலைப்பதிவில் வாசகர் ஒருவர் இட்ட கருத்துக்காக, விசாரணையின்றி அடைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் பாயலாம் என்ற பேச்சு எழுந்தது. போலீஸ் அவரை விசாரித்தது. அந்தச் சட்டம் 2012-இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே அவர் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆகியிருந்தார்.

2024 செப்டம்பரில் தொடர்பு, பல்லூடக ஆணையம் இணையச் சேவை நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவிட்டது. கூகுள், கிளவுட்ஃபிளேர் போன்ற வெளிப் பெயர்ச்சேவைகளை (டி.என்.எஸ்.) நாடும் கோரிக்கைகளை உள்ளூர்ச் சேவையகங்களுக்குத் திருப்பிவிட வேண்டும் என்றது. மக்கள் கொதித்தார்கள். சில நாட்களுக்குள் அமைச்சர் ஃபாஹ்மி ஃபட்சில் அதை நிறுத்தச் சொன்னார். இதில் நமக்கு நம்பிக்கை தரும் செய்தி உண்டு. உத்தரவு வெளியே தெரிந்ததால்தான் எதிர்ப்பு எழுந்தது, எதிர்ப்பு எழுந்ததால்தான் உத்தரவு திரும்பியது. இரகசியமாக வரும் உத்தரவுக்கு இந்த வழி கிடையாது.

"ஜியா டான்" என்ற முகமூடி

நெருக்கடி இவ்வளவு இருக்கிறதென்றால், சந்தேகத்துக்குரிய நாடுகளின் ஆட்களை ஒதுக்கிவிட்டால் போதாதா? போதாது. காரணம், ஜியா டான்.

எக்ஸ்.இசட். என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறு மென்பொருள். ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கும். பின்லாந்தைச் சேர்ந்த லாசே கோலின் பல ஆண்டுகள் அதைத் தனியாளாக, சம்பளமில்லாமல் பேணிவந்தார். 2021 முதல் ஜியா டான் என்பவர் உதவ வந்தார். நல்ல வேலை செய்தார், பணிவாகப் பேசினார். 2022-இல் ஜிகார் குமார் போன்ற பெயர்களில் சிலர் வந்து, பேணுநர் மெத்தனமாக இருக்கிறார், பொறுப்பை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டும் என்று நெருக்கினார்கள். தன் மனநலம் சரியில்லாததை கோலின் சொன்ன பிறகும் விடவில்லை. கடைசியில் பொறுப்பின் பெரும்பகுதி ஜியா டான் கைக்குப் போயிற்று. 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வந்த இரண்டு வெளியீடுகளில், தொலைவிலிருந்து கணினிகளுக்குள் நுழைய ஒரு கள்ளக் கதவு ஒளிந்திருந்தது.

உலகைக் காப்பாற்றியது அரை விநாடி. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர், தன் சோதனைக் கணினியில் உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கண்டு தோண்டினார். 2024 மார்ச் 29-இல் உண்மையை அறிவித்தார்.

ஜியா டானின் பதிவுகளில் இருந்த நேரக் குறிப்பு, பெரும்பாலும் கிரீன்விச்சுக்கு எட்டு மணி முந்தியது. அது மலேசிய நேரம், சிங்கப்பூர் நேரம், சீன நேரம். சில பதிவுகளில் நடுப்பெயராகச் சியோங் என்றும் இருந்தது. சுபாங் ஜெயாவில் கிளினிக் பலகையிலும் டியூஷன் மையப் பலகையிலும் நாம் தினமும் பார்க்கும் பெயர்கள்தாம் இவை. ஆனால் வேலை நேரங்களை அலசிய ஆய்வாளர்கள், கடிகாரம் வேண்டுமென்றே மாற்றி வைக்கப்பட்டிருக்கலாம் என்றும், சில பதிவுகள் கிழக்கு ஐரோப்பிய நேரத்தைக் காட்டுகின்றன என்றும் சொன்னார்கள். ஓர் அரசின் கை பின்னால் இருந்திருக்கும் என்பது வல்லுநர் பலரின் கருத்து. எந்த அரசு என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை.

நம் வட்டாரத்துப் பெயர்களை யாரோ முகமூடியாக மாட்டிக்கொண்டார்கள். அடுத்த முறை ஓர் உண்மையான டானோ குமாரோ சுபாங் ஜெயாவிலிருந்து உதவிக்குக் கை நீட்டும்போது, அந்தக் கையைச் சந்தேகத்தோடு பார்ப்பவர்கள் இருப்பார்கள். கடப்பிதழைப் பார்த்து நம்பிக்கையை அளந்தால், பொய்ப் பெயர்க்காரர் தப்பிப்பார், உண்மைப் பெயரோடு வந்த பிள்ளை வாசலில் நிற்கும். ஒதுக்கப்படுவோரில் நம்மவர்களும் இருப்பார்கள் என்பதை மறக்கக்கூடாது.

ஒரு கையால் திறக்காத பூட்டு

ஆளைப் பார்த்து நம்புவது உதவாது என்றால், அமைப்பைத்தான் மாற்ற வேண்டும். கோயில் உண்டியலை ஒருவர் மட்டும் திறப்பதில்லை. சாவிகள் வெவ்வேறு நிர்வாகிகளிடம் இருக்கும், எல்லோரும் பார்க்க எண்ணுவார்கள். நிர்வாகி திருடர் என்பதால் அல்ல, அவர்மீது பழி விழாமல் இருக்கவும்தான் அந்த ஏற்பாடு. இணையத்தின் பெயர் அமைப்பையே காக்கும் வேர்ச்சாவி 2010 முதல் ஏறக்குறைய இப்படித்தான் காக்கப்படுகிறது. பல நாடுகளைச் சேர்ந்த பொறுப்பாளர்கள் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலோ கலிபோர்னியாவிலோ கூடுவார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் எழுவர், அவர்களில் மூவராவது வந்தால்தான் அந்தச் சாவியை இயக்க முடியும். சடங்கு முழுவதும் படம்பிடித்து வெளியிடப்படுகிறது. ஒருவரைக் கடத்தி ஒரு பயனும் இல்லை.

மென்பொருளுக்கு இதைவிட வலுவான ஒரு காப்பு உண்டு. நாம் பயன்படுத்துவது மனிதர் எழுதிய நிரலை அல்ல, அதிலிருந்து கணினிக்காகக் கட்டப்பட்ட கோப்பை. நிரலைப் படித்து நல்லது என்று சொன்னாலும், கட்டும் இடத்தில் ஒருவர் எதையாவது நுழைத்தால் யாருக்கும் தெரியாது. எக்ஸ்.இசட். விவகாரத்திலும் கள்ளக் கதவைத் திறந்துவிடும் கண்ணி, எல்லோரும் பார்க்கும் நிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தது.

கட்டும் இடத்தில் நுழைக்கும் ஆபத்துக்கு மருந்தாக 2013-இல் டோர் உலாவிக் குழுவும், அதையடுத்து டெபியனும் கையிலெடுத்த முறை இது: ஒரே நிரலை ஒரே கட்டும் கருவிகளால் யார், எங்கே, எந்தக் கணினியில் கட்டினாலும் கடைசிப் பிட் வரை அச்சு அசலாக ஒரே கோப்பு வரவேண்டும். பெர்லினில் ஒருவர், பெங்களூரில் ஒருவர், சுபாங் ஜெயாவில் ஒருவர் தனித்தனியே கட்டி ஒப்பிடலாம். ஒருவருடைய கோப்பு மட்டும் மாறுபட்டால் உடனே மணி அடிக்கும். டோர் குழுவினர் இதற்கு முன்வைத்த காரணங்களில் ஒன்று, தங்கள் சொந்த உருவாக்குநர்களின் பாதுகாப்பு. மிரட்டி நுழைத்தாலும் மறுநாளே அம்பலமாகும் என்று தெரிந்தால், மிரட்டுவதற்கே காரணம் இராது.

நிரலருக்கு வீரம் இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. எஸ்ஃபஹ்போத் போல ஏழு நாள் தனிச் சிறையில் இருந்தவரை, ஏன் சம்மதித்தாய் என்று கேட்கும் உரிமை நமக்கில்லை. குடும்பத்தினர் அந்த நாட்டிலேயே இருக்கும்போது யாரும் சம்மதிப்பார்கள். எனவே, எவரையும் நெருக்க முடியும் என்று வைத்துக்கொண்டே அமைப்பைக் கட்ட வேண்டும். அதுதான் அந்த மனிதருக்குச் செய்யும் மரியாதை.

நாம் செய்யவேண்டியது

கட்டற்ற மென்பொருளில் பங்களிக்கும் இளையோருக்கு: சாவியை உருவாக்கும் நாளிலேயே அதன் ரத்துச் சான்றிதழையும் உருவாக்கி, வேறு நாட்டில் இருக்கும் நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் அவர் சாவியைச் செல்லாததாக்கலாம். முதன்மைச் சாவியை அன்றாட மடிக்கணினியில் வைக்காதீர்கள். எல்லை தாண்டும் பயணத்தில் அதைக் கொண்டுபோகவே வேண்டாம். வெளியீட்டுக்கு இருவர் ஒப்புதல் வேண்டும் என்ற விதியை உங்கள் திட்டத்தில் கேட்டு வாங்குங்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் நிறுவனங்களுக்கு: உங்கள் சேவை எந்தெந்தக் கட்டற்ற நிரல்களின்மேல் நிற்கிறது, அவற்றை எத்தனை பேர் பேணுகிறார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். ஒற்றை ஆள் பேணும் நிரல் கண்ணில் பட்டால், பணமோ ஒரு பொறியாளரின் நேரமோ கொடுங்கள். கோலினுக்குத் துணையாகச் சம்பளம் வாங்கும் ஒருவர் இருந்திருந்தால், ஜியா டானுக்கு நாற்காலி கிடைத்திருக்காது. சுபாங் ஜெயாவின் கல்லூரிகள், ஒரே நிரலைத் தனித்தனியே கட்டி ஒப்பிடும் வேலையை மாணவர் பயிற்சியாக்கலாம். அது உலகுக்கே செய்யும் காவல் பணி.

அரசுக்கு: கடவுச்சொல்லும் சாவியும் கேட்கும் அதிகாரம் நீதிபதியின் ஆணைக்கு உட்பட வேண்டும். வழக்குக்குரிய தரவைக் கேட்கலாம். ஒருவர் பெயரில் மென்பொருள் வெளியிட உதவும் கையெழுத்துச் சாவியை எந்த வழக்குக்காகவும் கேட்கக்கூடாது என்று சட்டமே சொல்ல வேண்டும். மலேசியாவில் எழுதப்படும் நிரலை உலகம் நம்ப வேண்டுமென்றால், மலேசிய நிரலரை யாரும் இரகசியமாக நெருக்க முடியாது என்ற உத்தரவாதம் முதலில் வேண்டும். அந்த உத்தரவாதத்தை 116பி பிரிவைத் திருத்துவதிலிருந்து நாடாளுமன்றம் தொடங்கட்டும். உங்கள் தொகுதி உறுப்பினரிடம் அதைக் கேளுங்கள்.